என் தலையளவைக் காட்டிக் கொடுத்தவர்கள்

குலம்போர்க்
மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை, காலைக் காபி வேளை

என் அருமை மருமகள் அலைடாவுக்கு, உன் எவெர்ட் மாமா எழுதுவது. இங்கே உன் அத்தை ஹெர்மின் சுகம், வீட்டுக் கூரை சுகம், லெக் ஆறு கரைக்குள்ளேயே சுகமாக ஓடிக்கொண்டிருக்கிறது, சுகமில்லாமல் கிடப்பது என் மானம் ஒன்றுதான். உன் அம்மாவும் அப்பாவும் மணல் ஏற்றிய படகோடு ரைன் நதியில் எங்கோ மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள், போன வாரம் நம் ஊர்ப் பாலத்தைக் கடந்தபோது என் தங்கை, அதாவது உன் அம்மா, சங்கை ஊதிவிட்டுப் போனாள், அந்தச் சத்தத்தில் அத்தையின் ரொட்டி மாவு அமுங்கிவிட்டது. மெல்போர்னில் நீயும் நல்ல பசியோடும் நல்ல தூக்கத்தோடும் இருப்பாய் என்று நம்புகிறேன். துரோகம் செய்தவர்களுக்குத் தூக்கம் வராது என்று ஊரில் சொல்வார்கள், எனக்குத் தெரிந்த துரோகிகள் மூன்று பேரும் குறட்டை விட்டுத் தூங்குகிற ரகம். இனி நான் எழுதப்போகும் கதையை நீ நம்பமாட்டாய், பக்கத்திலேயே இருந்து பார்த்த உன் அத்தையே நம்பவில்லை, ஆகவே இடது கையை நெஞ்சின் மேல் வைத்து, வலது கையில் பேனாவோடு, ஒருவரும் நம்பாத கதை ஒன்றைத்தான் உனக்குச் சொல்லப்போகிறேன் என்று இப்போதே சத்தியம் செய்து தருகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துவிடுவாய், என் துக்கம் கெட்டுப்போகும்.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். அந்த ஊரில் ஹெல்மெட் போடாமல் சைக்கிளில் ஏறினால் போலீஸ் அபராதம் போடுகிறது, கடையில் ஒன்று மலிவாக இருக்கிறது, இன்னொன்று அதைப் போல ஆறு மடங்கு விலை, அந்த அதிகப் பணத்துக்கு அது தகுமா மாமா என்று எழுதியிருந்தாய். எவ்வளவு சாதுவான கேள்வி! பாலை நக்கிக் குடித்துவிட்டு வந்து, பால் என்ன விலை என்று பூனை விசாரிக்கிற மாதிரி. படித்ததும் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. நீ நடக்கப் பழகும் முன்பே சைக்கிளில் உட்காரப் பழகிய பெண். உன் பெற்றோர் படகிலேயே வாழ்கிறவர்கள், பள்ளிக்கூடம் தண்ணீரில் மிதக்காது என்பதால் ஆறு வயதில் உன்னை எங்களிடம் விட்டுப் போனார்களே, அன்று முதல் நீ தனியாக ஓட்டும் வரை என் கேரியரில்தான் வளர்ந்தாய். ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் குடையையும் பிடித்தபடி, பின்னால் உன்னையும் உன் முதுகுப் பையையும் நீ பள்ளியில் செய்த களிமண் யானையையும் சுமந்து, எதிர்க்காற்றில், மேடேறி, பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டியவன் நான். அப்போது யார் தலையில் என்ன இருந்தது? மழைத்துளி இருந்தது. ஹெல்மெட் என்பது பந்தய சைக்கிள்காரர்களும், விடுமுறைக்கு வரும் ஜெர்மன்காரர்களும் போடுகிற பொருள் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நம் ஊர் நியாயம் என்ன? சைக்கிள் துருப்பிடித்திருக்க வேண்டும், பூட்டு சைக்கிளைவிட விலை அதிகமாக இருக்க வேண்டும், தலை சும்மா இருக்க வேண்டும். இந்த மூன்றையும் காப்பாற்றியவனைத் திருடனும் தொடமாட்டான், ஊரும் சிரிக்காது.

இந்த நியாயத்தை என்னோடு சேர்ந்து காப்பாற்றி வந்தவன் வெஸ்ஸல். உனக்குத் தெரியாதவனா, நீ பள்ளிக்குப் போகும்போது அவன் பேரிக்காய்த் தோட்டத்து வேலியோரம் நின்று உன் பையில் பழத்தைத் திணிப்பானே, அவன்தான். அவன் மனைவி போன பிறகு அவனுக்கு இருப்பது அந்தத் தோட்டமும் எங்கள் வியாழக்கிழமையும்தான். எந்த மழையானாலும் வியாழக்கிழமை நானும் அவனும் ஆற்றுக்கரை மேல் சைக்கிள் ஓட்டிப் போய், படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்து, அங்கிருக்கும் கடையில் ஆப்பிள் கேக் சாப்பிட்டுத் திரும்புவோம். கோடையில் ஜெர்மன்காரர்கள் பளபள ஹெல்மெட்டோடு அந்தப் பக்கம் வருவார்கள். நாங்கள் இருவரும் எழுந்து நின்று, அமைச்சரை வரவேற்கிற மாதிரி தலை சாய்த்து வணக்கம் சொல்லுவோம், அவர்கள் போனதும் அந்த ஹெல்மெட் என்ன விலை இருக்கும் என்று பந்தயம் கட்டுவோம். "ஒரு கன்னுக்குட்டி விலைடா அது" என்பான் வெஸ்ஸல், நான் "போடா, கொம்போட ஒரு முழுப் பசு" என்பேன். தலைக்குள்ளே ஒன்றும் இல்லாதவன்தான் தலைக்கு வெளியே இவ்வளவு செலவு செய்வான் என்று கெக்கலித்துவிட்டுக் கேக்கைத் தின்போம். சாகிறவரைக்கும் வெறும் தலை என்று அந்த பெஞ்சில் கைகொடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

இப்போது கேள், அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. அன்று அடித்த காற்றை நீ உன் ஆஸ்திரேலியாவில் கற்பனைகூடச் செய்ய முடியாது. எதிரே வந்த லாரிக்காரர் விட்ட கொட்டாவியைக் காற்று பிடுங்கிக்கொண்டு வந்து என் வாயில் திணித்தது, அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமாகவே இருந்தது. உட்ரெக்ட் கோபுரத்தில் அடித்த மணியோசை ஒன்று வழிதவறி வந்து என் பைக்குள் விழுந்து, வீடு வரை கணகணத்தது. அப்படிப்பட்ட காற்றில், ஆடு தாண்டிப் போகாமல் இருக்கக் கரைப் பாதையில் இரும்புக் கம்பிகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்களே, மழையில் நனைந்த அந்தக் கம்பியின் மேல் என் முன்சக்கரம் ஏறியது. அப்புறம் நான் சைக்கிளில் இல்லை. பறந்தேன். அக்கரைப் பசுக்கள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தன, நாரை ஒன்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. கரைச்சரிவில் இறங்கி, ஆட்டு மந்தைக்கு நடுவே அமர்ந்து, வடிகால் பராமரிப்பைப் பற்றி அவற்றுக்கு ஒரு சிற்றுரை ஆற்றினேன், ஆடுகள் குளம்பால் கைதட்டின. வெஸ்ஸல் சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடி வந்தான். நான் எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு, வாடா ஆப்பிள் கேக் ஆறிவிடும் என்று சொன்னேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் உன் அத்தைக்கு இது தெரிந்தால் என் சைக்கிளைக் கொட்டகைக்குள் வைத்துக் கதவை ஆணியடித்துவிடுவாள் என்பதால், வெஸ்ஸலிடம் இது யாருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவனிடம் உள்ளதிலேயே விலை உயர்ந்த பொருளான சைக்கிள் பூட்டின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். பார்த்துக்கொண்டிருந்த ஆடுகள் சாட்சி.

டிசம்பர் ஐந்தாம் தேதி, புனித நிக்கோலஸ் பண்டிகைக்கு முந்தின மாலை. வழக்கம்போல வெஸ்ஸலும் எங்கள் வீட்டில்தான் இருந்தான். உன் அம்மா அப்பாவும் படகைத் துறையில் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். மேசையில் மசாலா பிஸ்கட், அவரவர் பெயரின் முதல் எழுத்து வடிவில் வார்த்த சாக்லேட், எனக்கு ஒரு எழுத்து, வெஸ்ஸலுக்கு ஒரு எழுத்து. கதவு தட்டும் சத்தம் கேட்டு நான்தான் போய்த் திறந்தேன். வாசலில் ஆளில்லை. ஓர் ஆடு நின்றது. காகிதத்தைப் பசையில் ஊறவைத்துச் செய்து, மேலே பஞ்சு ஒட்டிய, நிஜ அளவு ஆடு. அதற்கு முந்தின வாரமெல்லாம் உன் அத்தை பசை வாடையோடு திரிந்தாள், மாடி அறைக்குச் சுவர்க்காகிதம் ஒட்டுகிறாள் என்று நினைத்த மடையன் நான். ஆட்டின் கழுத்தில் வழக்கப்படி ஒரு கவிதை தொங்கியது, வழக்கப்படி அதை வாங்குகிறவனே உரக்கப் படிக்க வேண்டும். படித்தேன். "கரைச் சரிவில் ஆடுகள் நடுவே உருண்டு வந்தது ஒரு தலை, ஆடுகள் கேட்டன, இது தலையா, இல்லை நடக்கக் கற்ற மலை? வயிற்றைத் திற எவெர்ட், வாயை மூடு, அடுத்த முறை விழுமுன் இதை மாட்டிக்கொண்டு ஓடு." கடைசி வரிக்கு வரும்போது என் குரல் ஆட்டின் குரலாகிவிட்டது. ஆட்டின் வயிற்றைக் கிழித்தால் உள்ளே ஒரு ஹெல்மெட். அதுவும் எப்பேர்ப்பட்டது தெரியுமா, படகுத்துறைப் பந்தயத்தில் வெஸ்ஸல் இரண்டு கன்றுக்குட்டி சொல்லியிருப்பான், அப்படிப்பட்டது. ஸ்பெயின்காரன் நம் நகரங்களை முற்றுகையிட்ட காலத்துக்குப் பிறகு இந்த மண்ணில் இப்படி ஒரு துரோகம் நடந்ததில்லை.

அந்தப் பண்டிகையின் ஒரே சட்டம் உனக்குத் தெரியும். கவிதையை யார் எழுதினார் என்று கேட்கக்கூடாது, நன்றி புனித நிக்கோலஸ் என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் படிக்கவிட வேண்டும். நான் கூரையைப் பார்க்கவில்லை, வெஸ்ஸலைப் பார்த்தேன். ஆட்டு விஷயம் தெரிந்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தானே. எல்லோர் முன்னாலும், "யூதாஸ்! உன் பூட்டு மேல கைவச்சுச் சொன்னியேடா!" என்று கத்திவிட்டேன். வெஸ்ஸல் என்னிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவன் எழுந்தான், கோட்டை மாட்டினான், உன் அத்தையிடம் "காபி நல்லா இருந்தது ஹெர்மின்" என்றான், வெளியே மழையில் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அவனுடைய சாக்லேட் எழுத்து மேசையிலேயே கிடந்தது. உன் அம்மா என்னைப் பார்த்து, "அண்ணே, இன்னிக்குப் போய் இப்படியா?" என்றாள். நான், துரோகிக்கு ஏது பண்டிகைச் சட்டம் என்று ஏதோ வீரமாகச் சொன்னேன். அன்று அதற்குப் பிறகு யாரும் எந்தக் கவிதையும் படிக்கவில்லை.

அப்புறம் வந்த வியாழக்கிழமைகளைப் பற்றி என்ன எழுத. தனியாகப் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சு ஒரு பக்கமாகச் சாய்கிறது. கேக் கடைக்காரி இரண்டு தட்டு எடுத்துவிட்டு ஒன்றை மறுபடி உள்ளே வைக்கிறாள். ஜனவரியில் ஒரு நாள் அக்கரையில் வெஸ்ஸல் தனியாக ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், அவன் தலையில் ஹெல்மெட்! சூப்பர்மார்க்கெட்டில் செருப்புக்கும் செடி வெட்டும் கத்தரிக்கும் நடுவே குவித்துப் போட்டு விற்பார்களே, அந்த மலிவு ரகம், முட்டைக்கு ஓடு போட்ட மாதிரி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கைகொடுத்த கையின் சூடு ஆறுவதற்குள்! அவன் துறைக்குப் போய் நின்று இந்தப் பக்கம் பார்த்தான். நான் ஆற்றில் மீன் பிடிக்கிறவனைப் போல நடித்தேன், கையில் தூண்டில் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சரி, என் மேல் வந்து விழுந்த அந்த ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவோம் என்று தீனெகேயின் சைக்கிள் கடைக்குக் கொண்டு போனேன். வழியில் அதை ஊர் பார்த்துவிடக் கூடாது, திருடனும் பார்த்துவிடக் கூடாது. ஆகவே சைக்கிள் சீட்டு மழையில் நனையாமல் இருக்க இலவசமாகத் தருவார்களே பிளாஸ்டிக் உறை, அதில் ஒன்றை அதன் மேல் இழுத்து மாட்டினேன். கைக்குக் கிடைத்த உறை ஈமச்சடங்குக் காப்பீட்டுக்காரர்கள் தங்கள் விளம்பரத்தை அச்சிட்டுத் தந்தது. தீனெகே உறையைப் படித்துப் பார்த்துவிட்டு, "எவெர்ட், ஒண்ணு தலையைக் காப்பாத்தணும், இல்லன்னா அடக்கத்துக்குப் பணம் கட்டணும், ரெண்டுக்கும் ஒரே உறையா?" என்றாள். இதை எடுத்துக்கொண்டு மலிவாக ஒன்று கொடு என்றேன். அவளும் சளைக்காமல் கடையில் இருந்த மலிவு ரகம் அத்தனையையும் என் தலையில் வைத்துப் பார்த்தாள். உன் மாமாவின் தலையைப் பற்றி உனக்குத் தெரியும். ராணுவச் சேவைக்குப் போனபோது கிடங்குக்காரர் என் தலைக்கு இரும்புத்தொப்பி தேடிக் களைத்து, கடைசியில் சமையலறையிலிருந்து சூப் அண்டாவைக் கொண்டு வந்தார், அதுவும் காதைப் பிடித்தது. தீனெகே வைத்த ஒவ்வொன்றும் தர்பூசணி மேல் கவிழ்த்த காபிக் கோப்பையாக நின்றது. பட்டையை இறுக்கினால் கன்னம் பிதுங்குகிறது, தளர்த்தினால் தலை ஆட்டியதும் மூக்கில் வந்து உட்காருகிறது. "எல்லாமே ஒரே பரிசோதனையில பாஸ் ஆனதுதான் எவெர்ட், விலை கூடக்கூட எடை குறையும், காத்து வரும், பாக்க நல்லா இருக்கும், சிலதுல தலை திருகிக்காம இருக்க உள்ளே ஒரு தகடு வச்சிருப்பாங்க. ஆனா மண்டையில உக்காராத ஹெல்மெட் தங்கத்துல இருந்தாலும் தொப்பிதான். உன் மண்டைக்கு இந்த ஊரிலேயே இது ஒண்ணுதான் உக்காருது, இதுவும் சொல்லி வரவழைச்சது" என்றாள். யார் சொல்லி என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றாள். ஆனால் அளவு மட்டும் விசித்திரமாக வந்தது, இடது காதுக்கு மேலே ஒரு புடைப்பு உண்டு, அங்கே மட்டும் உள்பஞ்சைக் குறைத்து அனுப்பச் சொன்னார்கள் என்று சிரித்தாள்.

அலைடா, அந்த இடத்தில்தான் என் கை தானாக அந்தப் புடைப்பைத் தடவப் போனது. சிறுவயதில் பேரி மரத்திலிருந்து விழுந்து எனக்கு அந்தப் புடைப்பு வந்தது. முடிக்குள் மறைந்திருக்கும், முடிவெட்டுகிறவருக்குக்கூடச் சொன்னால்தான் தெரியும். வெஸ்ஸலுக்குத் தெரியாது. அதைக் கையால் தடவிப் பார்த்து அளந்தது உலகத்திலேயே ஓர் ஆள்தான். பள்ளியில் பிறந்தநாள் பிள்ளைக்குக் காகிதக் கிரீடம் செய்வார்களே, மாமாவுக்கு மட்டும் ஏன் இல்லை என்று அழுது, என்னை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு நூலைத் தலையைச் சுற்றிக் கட்டி, புடைப்பு வந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு காகிதத்தில் ஒரு வளைவு வெட்டினாய். ஆரஞ்சு நிறக் கிரீடம். இந்தத் தலையில் பொருந்தி உட்கார்ந்த முதல் பொருள். அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஊரைச் சுற்றினேன், படகுத்துறைக்காரர் என்னிடம் காசு வாங்க மறுத்தார், அரசரிடம் வாங்கக்கூடாதாம். வீட்டுக்கு வந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஹெல்மெட்டை முதல் முறையாக ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன். புடைப்பு அதன் வளைவில் போய் உட்கார்ந்தது. கழற்ற மனம் வரவில்லை, கோபத்தில்தான் வரவில்லை என்று வைத்துக்கொள்.

அப்படியே அத்தை முன்னால் போய் நின்றேன், அவள் ப்ரஸ்ஸல்ஸ் கோஸ் உரித்துக்கொண்டிருந்தாள். இது அலைடாவின் வேலை என்றேன். தலையைக்கூடத் தூக்காமல், "அப்பாடா, கண்டுபிடிச்சிட்டியா? நான் ஈஸ்டர் ஆகும்னு நினைச்சேன்" என்றாள். உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வெஸ்ஸல்தான் அவளுக்குப் போன் பண்ணான், அவ எனக்குப் பண்ணா, ஆடு மட்டும் என் கைவேலை, வால் எப்படி?" என்றாள். யோசித்துப் பார், அக்கரையில் இருப்பவனுக்குப் போன் செய்தால் காசு போகும் என்று கரையில் நின்று கத்துகிற வெஸ்ஸல், ஆஸ்திரேலியாவுக்குப் போன் செய்திருக்கிறான்! என் சைக்கிளைப் பூட்டிவிடுவாள் என்று நான் பயந்த அத்தை, அது தெரிந்தும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து ஆடு செய்திருக்கிறாள்! நான் தூக்கி வளர்த்த நீ, அத்தனையும் முடித்துவிட்டு, ஹெல்மெட்டுக்கு அதிக விலை தகுமா மாமா என்று எனக்கே எழுதுகிறாய்! போட்டிருக்கிறேனா இல்லையா என்று வேவு பார்க்கத்தானே? ஒரு மனிதனை ஒருவர் ஏமாற்றலாம், வீடு, நட்பு, சமுத்திரம் மூன்றும் சேர்ந்து ஏமாற்றினால் அவன் எங்கே போவான்?

வெஸ்ஸலிடம்தான் போனேன், நேற்று, ஹெல்மெட்டை அந்த உறையோடே தலையில் மாட்டிக்கொண்டு. அவன் விட்டுப் போன சாக்லேட் எழுத்தையும் எடுத்துக்கொண்டேன், அதில் ஒரு கால் குறைந்திருந்தது, எலி தின்றிருக்கலாம், எனக்குத் தெரியாது. அவன் வாசலில் குந்திக்கொண்டு சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். என் தலையைப் பார்த்து, "முதல்ல அந்த உறையைக் கழட்டு, சவப்பெட்டிக்கு என்னை அளவெடுக்க ஆள் வந்துட்டான்னு பக்கத்து வீட்ல நினைக்கப்போறாங்க" என்றான். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேருரையைத் தொடங்கினேன், சத்தியம் என்றால் என்ன, பூட்டு என்றால் என்ன, நட்பு என்றால் என்ன. அவன் காற்றடிப்பதை நிறுத்தவே இல்லை. மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது, "சொல்லி முடிச்சிட்டியா? சத்தியத்தை மீறினேன், ஆமா. அன்னிக்கு அந்தச் சரிவுல நீ என்ன பேசினேன்னு ஞாபகம் இருக்கா?" என்றான். ஆப்பிள் கேக் என்றேன். "கேக்கா? நீ பேசவே ரொம்ப நேரம் ஆச்சுடா. பேசினதும் என்னைப் பாத்து, ஐயா நீங்க யாருன்னு கேட்டே. அப்புறம், அலைடாவை ஸ்கூல்லேந்து யாரு கூட்டிட்டு வரது, இருட்டிட்டு வருது, அவ சைக்கிள்ல லைட் எரியலைன்னு கேட்டே. அவ ஆஸ்திரேலியாவுல இருக்காடான்னேன். பொய் சொல்லாதேன்னு என்னை அடிக்க வந்தே. எழுந்து அவளைத் தேடிப் போறேன்னு ஆத்துப் பக்கம் நடந்தே, ஆத்துப் பக்கம்டா. உன் கோட்டைப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன். அடுத்த நாள் சூப்பர்மார்க்கெட்ல போய் எனக்கு ஒண்ணு வாங்கினேன், உன் முன்னாடி போட்டுக்கத்தான் வெக்கமா இருந்தது. உன் மண்டைக்கு அங்கே கிடைக்கலை. சரி, அவகிட்டயே சொல்லிடலாம்னு நினைச்சேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லாம எப்படிடா வச்சுக்கிறது?" என்றான். சக்கரம் கல்லாகிவிட்டது, அவன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தான். நான் அப்படியெல்லாம் கேட்கவில்லை, அங்கே நின்ற ஆடுதான் கேட்டிருக்கும் என்றேன். "பேசற ஆடா?" என்றான். நன்றாகவே பேசும் என்றேன். அவன் சாக்லேட்டை வாங்கிப் பார்த்து, இந்த எழுத்துக்கு இன்னொரு கால் எங்கே என்றான். அவ்வளவுதான், பிறகு சைக்கிளை எடுத்தோம்.

கரை மேல் இருவரும் ஹெல்மெட்டோடு போனோம், அவன் காற்று வருகிற பக்கமாக ஓட்டினான், துரோகத்துக்கு நான் விதித்த தண்டனை அது, வாழ்நாள் தண்டனை. அந்தக் கம்பி வரிசை வந்ததும் இருவரும் பேசிக்கொள்ளாமலே இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். படகுத்துறையில் எங்களுக்கு நேர்ந்த அவமானத்தைக் கேள். குளிர்காலம் முடிவதற்குள்ளேயே கிளம்பி வந்த ஒரு ஜெர்மன் தம்பதி, எங்கள் இருவரையும் தலை முதல் கால் வரை பார்த்து, முகம் மலர்ந்து, தங்கள் ஊர்க்காரர் என்று நினைத்து ஜெர்மனில் வணக்கம் சொன்னார்கள். வெஸ்ஸல் ஜெர்மனிலேயே பதில் வணக்கம் சொன்னான். அந்த அம்மாள் போட்டிருந்த ஹெல்மெட் என்ன விலை என்று நாங்கள் பந்தயம் கட்டவில்லை, அவர்கள்தான் என்னுடையதைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டு போனார்கள்.

ஆகவே கண்ணே, உன் கேள்விக்கு உன் மாமாவின் தீர்ப்பு இதுதான். கடைக்குப் போகுமுன் நூலால் தலையை அளந்துகொள். மலிவானது ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால் அதை வாங்கிக்கொள், மிச்சப் பணத்தில் நல்ல பூட்டு வாங்கு, வெஸ்ஸல் தலைக்கு அது போதுமென்றால் யார் தலைக்கும் போதும். உட்காராவிட்டால் ஆறு மடங்கானாலும் கொடு, முணுமுணுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அழகுக்காக ஒரு சென்ட் அதிகம் கொடுக்காதே, உன் அத்தையைக் கட்டிக்கொண்ட இந்த முகத்துக்கே யாரும் அழகுக்காகச் செலவு செய்ததில்லை. ஒரு முறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதே. எனக்கு வாங்கியதற்கு நீ எத்தனை நாள் மதியச் சாப்பாட்டை விட்டாய் என்று நான் கேட்கமாட்டேன், அளந்த நூலை மட்டும் உறையில் போட்டு அனுப்பு, நீ போன பிறகு உன் தலை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். உன் அத்தை உனக்குப் பாதாம் கேக் அனுப்பியிருக்கிறாள், தூளாகித்தான் வந்து சேரும், கரண்டியால் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு, அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய், தண்ணீரில் இருந்தாலும் அவளுக்குக் காது கேட்கும். உன் பாதையில் எப்போதும் முதுகுக்குப் பின்னாலிருந்தே காற்று அடிக்கட்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன். சைக்கிள் விளக்கை இன்றே எரியவிட்டுப் பார், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மறக்காதே.

சத்தியம் செய்தபடி, நம்ப முடியாத கதையைச் சொல்லிவிட்டேன். கொட்டாவியை நம்பாதே, நாரையை நம்பாதே, எலியை நம்பாதே, நான் எழுந்து நின்று கேக் கேட்டேன் என்பதையும் நம்பாதே. ஆடு பேசியது என்று வெஸ்ஸலிடம் சொன்னேன் அல்லவா, அதுவும் அப்படித்தான், கேட்டது நான்தான். இருட்டிக்கொண்டு வந்தது, உன் சைக்கிளில் விளக்கு எரியவில்லை, நீ இன்னும் வீடு வந்து சேரவில்லை. அந்தச் சின்னப் பகுதி மட்டும் உண்மை.

காட்டிக் கொடுக்கப்பட்ட, இப்போது தலை நிறைந்த,
உன் எவெர்ட் மாமா